சிறுவர் உதைபந்தாட்ட விதிகளும் சமூக உறவுகளும்: தெல்லிப்பழையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

1. நோக்கமும் எல்லையும்

விளையாட்டுப் பற்றித் தமிழில் எழுதப்படுவன பெரும்பாலும் இரு வகையின. வெற்றி தோல்விகளைப் பதிவுசெய்யும் செய்திகள் ஒரு வகை. அருகிவரும் கிராமிய விளையாட்டுகளுக்காக இரங்கும் நினைவுரைகள் மற்றொரு வகை. இவ்விரண்டிலும் ஆட்டத்தின் விதிகள் ஆராயப்படுவதில்லை. அவை எவராலும் ஆக்கப்படாதவை போலவும், என்றும் அவ்வாறே இருந்தவை போலவும் கொள்ளப்படுகின்றன. ஆயின் விதி மனிதரால் ஆக்கப்படுவது. குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட நிலத்தில், குறிப்பிட்ட வர்க்கத்தினரின் தேவையை ஒட்டி எழுவது. இலக்கிய வடிவங்களின் தோற்றத்தைச் சமூக உறவுகளின் பின்னணியில் வைத்து விளக்க முயலும் நாம், ஆட்ட வடிவங்களையும் அவ்வாறே நோக்குதல் பொருத்தமாகும்.

ஈண்டு நாம் எடுத்துக்கொள்ளும் பொருள், ஏறக்குறைய ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையான சிறுவர் சிறுமியர் பொழுதுபோக்காக ஆடும் சிற்றணி உதைபந்தாட்டத்தின் விதிகளாகும். சிறிய தரை, சிறிய பந்து, பக்கத்துக்கு நால்வர், ஐவர் அல்லது எழுவர், எல்லோருக்கும் ஆட வாய்ப்பு, புள்ளிப்பட்டியல் இன்மை என்பன இவ்விதிகளின் சாரமாகும். கடந்த நாற்பது ஐம்பது ஆண்டுகளுள் உலகின் பல நாட்டுச் சங்கங்கள் இவற்றை எழுத்தில் வகுத்துள்ளன. இவை புதிய கண்டுபிடிப்புகளா? சிறுவரிடமிருந்து ஒருகால் பறிக்கப்பட்ட ஓர் உரிமை அவர்களுக்கே அச்சு வடிவில் திருப்பிக் கொடுக்கப்படுகின்றதா? கொடுக்கப்படுவதாயின், தெல்லிப்பழை போன்றதோர் ஊரில் அதனைப் பெறக்கூடியவர் யாவர்? இவ்வினாக்களே இக்கட்டுரையின் எல்லையை வகுக்கின்றன.

2. விதிகளை எழுதியோர்

நவீன உதைபந்தாட்டத்தின் எழுத்து விதிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உருவானவை. அவற்றின் தோற்றத்தில் இரு செய்திகள் நமது ஆய்வுக்கு முக்கியமானவை.

முதலாவது, விதி நிலத்தைப் பின்பற்றியமை. செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பயின்ற விடுதிப் பள்ளிகள் ஒவ்வொன்றும் தத்தமக்கென ஓர் ஆட்டமுறையைக் கொண்டிருந்தன. பரந்த புற்றரை வாய்த்த றக்பிப் பள்ளியில் பந்தைக் கையிலேந்தி ஓடுதலும் மோதி வீழ்த்துதலும் வளர்ந்தன. கல் பாவிய ஒடுங்கிய முற்றங்களில் ஆடவேண்டியிருந்த சாட்டர்ஹவுஸ், வெஸ்ற்மினிஸ்ரர் முதலிய பள்ளிகளில் பந்தைக் காலடியிலேயே வைத்து நகர்த்தும் முறை வளர்ந்தது. இடுக்கமான இடமே நுணுக்கமான காலாட்டத்தைத் தோற்றுவித்தது எனலாம்.

இரண்டாவது, விதிகளை எழுதியவர்கள் ஆடியவர்களே என்பது. 1845 இல் றக்பிப் பள்ளியின் விதிகளை எழுத்தில் அமைத்தோர் அப்பள்ளியின் மூத்த மாணவர்கள். 1848 இல் கேம்பிறிட்ஜ் விதிகளை வகுத்தோர் அப்பல்கலைக்கழக மாணவர்கள். அவர்கள் கூடினர், வாதிட்டனர், வாக்களித்தனர், பிரிந்தும் சென்றனர். 1863 இல் இலண்டனில் உதைபந்தாட்டச் சங்கம் அமைந்தபோது, எதிராளியின் காலில் உதைக்கும் உரிமை நீக்கப்பட்டதை ஏற்காது பிளாக்ஹீத் கழகம் விலகிக்கொண்டமை யாவரும் அறிந்தது. ஆளும் வர்க்கத்தின் பிள்ளைகள் ஆட்ட விதிகளினூடே சட்டமியற்றும் பயிற்சியையும் பெற்றனர். பேரரசின் நிருவாகிகளாக வரவிருந்தோருக்கு இது வேண்டிய பயிற்சியே.

1863 ஆம் ஆண்டின் விதிகளில் ஒரு பக்கத்து ஆட்டக்காரரின் எண்ணிக்கை குறிப்பிடப்படவில்லை. ஆட்டத்தின் கால அளவும் குறிப்பிடப்படவில்லை. கூடியிருப்போர் பேசி முடிவு செய்துகொள்ளும் நெகிழ்ச்சி அப்போது இருந்தது. பதினொருவர், தொண்ணூறு நிமிடம் என்னும் அளவுகள் 1897 இலேயே விதியாயின. இவ்விடைக்காலத்தில் நிகழ்ந்தது என்ன? 1850 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைத் தொழிலாளருக்குச் சனிக்கிழமைப் பிற்பகல் ஓய்வை உறுதி செய்தது. அவ்வோய்வு நேரமே தொழிலாளர் ஆடுதற்கும் காண்பதற்கும் உரிய காலமாயிற்று. 1883 இல் இலங்காஷயர்த் தொழிலாளரைப் பெரிதும் கொண்ட பிளாக்பேர்ண் ஒலிம்பிக் அணி, பழைய ஈற்றன் மாணவர் அணியை வென்று சங்கக் கிண்ணத்தைப் பெற்றது. 1885 இல் ஊதியத்துக்கு ஆடுதல் சட்டபூர்வமாக்கப்பட்டது. ஆட்டம் கட்டணம் செலுத்திக் காணும் காட்சியாயிற்று. காட்சிக்கு நிலையான எண்ணும் நிலையான நேரமும் வேண்டியிருந்தன. தொழிற்சாலையின் மணிக்கூடு மைதானத்துக்குள்ளும் வந்தது.

இவ்வாறு இறுகிய நிலையிலேயே இவ்வாட்டம் குடியேற்ற நாடுகளுக்கு வந்து சேர்ந்தது. அங்குள்ள பிள்ளைகளின் கைக்குக் கிட்டியது விதிப்புத்தகம்; விதியை ஆக்கும் பயிற்சி கிட்டவில்லை. 1863 இல் வளர்ந்த ஆடவருக்கென வகுக்கப்பட்ட எட்டு யார் அகலக் கோல், எட்டு வயதுப் பிள்ளையின் முன்னும் அவ்வாறே நின்றது. பின்னர் அமைந்த எட்டு அடி உயரக் குறுக்குச் சட்டத்தையும் சேர்த்து நோக்கினால், அப்பிள்ளை தன் உயரத்தைப் போல் ஏறக்குறைய இருமடங்கு உயர்ந்த வாயிலைக் காக்கவேண்டியிருந்தது. அங்கு தோல்வி பிள்ளையின் திறமையை அன்றி உயரத்தையே அளந்தது.

3. தெல்லிப்பழை: பள்ளியும் நிலமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடபுறத்தில், வலிகாமத்தின் செம்மண் நிலத்தில் அமைந்த தெல்லிப்பழை, நவீன கல்வியின் வரலாற்றில் முற்பட்ட இடத்தைப் பெறுவது. 1816 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் தமது முதல் நிலையங்களுள் ஒன்றை இங்கு அமைத்தனர். டானியல் பூர் இங்கிருந்தே பணியைத் தொடங்கினார். அம்மரபில் வளர்ந்ததே இன்றைய யூனியன் கல்லூரி. 1910 இல் பாவலர் துரையப்பாபிள்ளை மகாஜனக் கல்லூரியைத் தோற்றுவித்தார். மிஷன் கல்வியினூடே உருவாகி, அதற்கு மாற்றாகச் சைவத் தமிழ்ச் சூழலில் நவீன கல்வியை நிறுவிய சுதேச நடுத்தர வர்க்கத்தின் எழுச்சியை அவருடைய வாழ்வு நன்கு காட்டும். ஈழத்து நவீன இலக்கியத்துக்கு மகாஜன தந்த பங்களிப்புப் பலகாலும் பேசப்பட்டுள்ளது. உதைபந்தாட்டத்தில் அது பெற்ற பெயரும் அத்துணைச் சிறப்புடையது.

இரு பள்ளிகளும் சமயத்தால் வேறுபட்டன. எனினும் மணியடித்துத் தொடங்கும் பொழுது, வகுப்பு, சீருடை, இல்லங்கள், பள்ளிகளுக்கிடையிலான போட்டி ஆகியவற்றில் இரண்டும் ஒரே நிறுவன வடிவத்தையே மேற்கொண்டன. உதைபந்தாட்டம் அவ்வடிவத்தின் ஓர் உறுப்பாயிற்று. பள்ளியின் பெருமையைச் சுமப்பவர் முதலாம் அணியின் பதினொருவர். எஞ்சிய நூற்றுக்கணக்கான பிள்ளைகள் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று ஆரவாரித்தனர். மிகச் சிறிய பிள்ளைகளுக்கு அவ்வமைப்பில் இடமே இருக்கவில்லை.

இதனை நிலத்தின் கணக்கைக் கொண்டும் விளங்கிக்கொள்ளலாம். யாழ்ப்பாணத்து நில அளவையில் ஏக்கருக்குப் பதினாறு பரப்பு. ஒரு பரப்பு ஏறக்குறைய 2,722 சதுர அடி. 110 யார் நீளமும் 70 யார் அகலமும் கொண்ட முழுமையான மைதானத்துக்கு இருபத்தைந்து பரப்புக்கு மேல், அதாவது ஒன்றரை ஏக்கருக்கும் அதிகமான நிலம் வேண்டும். கிணற்று நீரைக் கொண்டு புகையிலையும் வெங்காயமும் மரக்கறியும் பயிரிடப்படும் வலிகாமத்தில், தலைமுறை தோறும் முதுசமாகவும் சீதனமாகவும் துண்டாடப்பட்ட காணிகள் நடுவே, ஒன்றரை ஏக்கரை ஆட்டத்துக்கென விடுதல் பெரிய நிறுவனங்களுக்கே இயல்வது. பள்ளி, கோயில், கூட்டுத்தாபனம் என்பனவே அத்தகைய நிலத்தை உடையன. ஆகவே முழு அளவு ஆட்டம் என்னும் கருத்திலேயே நிலவுடைமையின் மேலாண்மை அடங்கியுள்ளது. இதற்கு மாறாக, நால்வர் நால்வராக ஆடும் சிறுவர்க்கு முப்பது யார் நீளமும் இருபது யார் அகலமும் போதும். அது இரண்டே பரப்பு: ஒரு வீட்டு வளவின் பின்புறம், அறுவடை முடிந்த தோட்டத்தின் ஒரு துண்டு.

4. பிள்ளைகளின் சொந்தச் சட்டம்

பள்ளியின் எல்லைக்கு வெளியே பிள்ளைகள் ஆடாமலிருக்கவில்லை. ஒழுங்கையிலும் வளவிலும் கோயில் வெளிவீதியிலும் அவர்கள் ஆடிய ஆட்டங்களுக்கு எழுதா விதிகள் இருந்தன. அவற்றை விதியற்ற குழப்பம் எனக் கருதுவது எழுத்தை மட்டுமே சட்டமாகக் கொள்வோரின் மயக்கமாகும்.

கிளித்தட்டை எடுத்துக்கொள்வோம். நிலத்தில் கோடு கீறித் தட்டுகளாகப் பகுத்து, குறுக்குக் கோடுகளில் மறிப்போர் நிற்க, நடுக்கோட்டிலும் ஓடித்திரியும் உரிமையோடு கிளி நிற்க, எதிரணியினர் அகப்படாது கடந்து மீளும் இவ்வாட்டத்தில், தட்டுகளின் எண்ணிக்கை வந்திருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆள் கூடினால் கோடு கூடும், குறைந்தால் குறையும். தரை ஆட்டக்காரருக்கு ஏற்ப அமைகின்றது. இன்றைய சிற்றணி விதிகளின் அடிப்படைத் தத்துவம் இதுவே.

பக்கம் பிரித்தலையும் நோக்கலாம். ஏறக்குறைய ஒத்த வலிமையுடைய இருவர் இணைந்து சென்று, தமக்குள் மறைபெயர் இட்டுக்கொண்டு, இரு தலைவரிடமும் எது வேண்டும் எனக் கேட்டுப் பிரியும் முறையை நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் உத்தி பிரித்தல் என்பர். திறமையாளர் ஒரு பக்கத்தில் குவியாமலும், எவர் எவரை ஒதுக்கினார் என்பது வெளிப்படாமலும் இது காக்கின்றது. தலைவர் ஒருவர் பின் ஒருவராகப் பெயர் சொல்லி அழைக்க, கடைசிவரை அழைக்கப்படாது நிற்கும் பிள்ளையின் அவமானத்துக்கு இம்முறையில் இடமில்லை.

மிகச் சிறிய பிள்ளையை என் செய்வது? ஒப்புக்குச் சப்பாணி எனத் தமிழில் வழங்கும் தொடர் இவ்விடத்து ஆராயத்தக்கது. அண்ணன் அக்காவோடு வந்த சின்னஞ்சிறு பிள்ளை ஆட்டத்தில் சேர்க்கப்படும். ஆயின் அது பிடிபட்டாலும் கணக்கில்லை, பிடித்தாலும் கணக்கில்லை. விலக்காமல் சேர்த்துக்கொள்ளும் மனிதநேயமும், சேர்த்தும் கணக்கில் எடாத ஏற்றத்தாழ்வும் இவ்வொரு வழக்கிலேயே ஒருங்கே உள்ளன. அத்தொடரிலேயே உடற்குறையைக் குறிக்கும் சொல் இழிவின் அடையாளமாக நிற்றலையும் நாம் மறத்தலாகாது.

ஒழுங்கையில் உதைபந்து ஆடப்பட்டபோதும் இதே சட்ட மரபு தொடர்ந்தது. இரு கற்களோ புத்தகப் பைகளோ கோலாகும்; வேலி எல்லையாகும்; ஆளுக்கேற்பக் கோலின் அகலம் கூடிக் குறையும்; ஓவ்சைட் இல்லை; மத்தியஸ்தர் இல்லை; பிணக்கு எழுந்தால் ஆட்டத்தை நிறுத்திப் பேசித் தீர்த்துக்கொள்வர். பியாஜே 1932 இல் வெளியிட்ட நூலில், கோலி விளையாடும் சுவிற்சர்லாந்துச் சிறுவரை ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்: மிகச் சிறிய பிள்ளைகள் விதியைப் பெரியோர் தந்த மாற்றவொண்ணாத கட்டளையாகக் கருதுகின்றனர், பத்துப் பன்னிரண்டு வயதளவில், ஆடுவோர் உடன்பட்டால் மாற்றத்தக்க ஒப்பந்தமாக அதனை உணர்கின்றனர். சோவியத் உளவியலாளர் வைகொட்ஸ்கி 1933 இல் நிகழ்த்திய உரையில், விதியற்ற விளையாட்டே இல்லை என்றும், விளையாட்டிலேயே பிள்ளை தன் உடனடி விருப்பத்தைத் தானே ஏற்ற விதிக்கு அடக்கப் பழகுகின்றது என்றும் விளக்கினார். ஆகவே பிணக்கைப் பேசித் தீர்க்கும் அந்த இடைவேளை ஆட்டத்துக்கு ஏற்பட்ட தடையன்று. ஜனநாயகத்தின் முதற் பாடம் நிகழும் நேரம் அது.

எனினும் இவ்வொழுங்கையைப் பொற்காலமாகக் காண்பது வரலாற்றுக்குப் புறம்பாகும். ஒழுங்கை ஒரு குறிச்சியின் ஒழுங்கை. குறிச்சியோ சாதியால் வகுக்கப்பட்டது. உடன்பாட்டால் விதி அமைந்தது உண்மையே. உடன்பட அழைக்கப்பட்டோர் யாவர் என்பதே வினா. 1924 இல் தோன்றிய அமைப்பிலிருந்து வளர்ந்த யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் சாதியொழிப்பை முன்னெடுத்த காலத்தில், பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக ஒரே வாங்கில் அமர்தலே பெரும் பிணக்காயிருந்தது. சமாசனத்தை மறுத்த சமூகம் பந்தாட்டத்தில் தோளோடு தோள் மோதுதலை எளிதில் ஏற்றிருக்கும் எனக் கொள்வதற்கில்லை. கோயில் வீதி பிள்ளைகளின் ஆடுகளமாயிருந்தது. ஆனால் அக்கோயிலின் வாயில் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. தெல்லிப்பழைக்கு அணித்தான மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் 1968 இல் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டம், 1966 இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலத்தோடு கூர்மையடைந்த தீண்டாமை ஒழிப்பு இயக்கத்தின் தொடர்ச்சியாகும். பொதுவெளி எதுவும் தானாகப் பொதுவாவதில்லை என்பதையே அப்போராட்டங்கள் உணர்த்தின. விளையாட்டுத்தரைக்கும் இது பொருந்தும்.

பெண்பிள்ளைகளின் நிலை மற்றொரு முரண்பாட்டைக் காட்டும். தமிழிலக்கியத்தில் பந்து பெரிதும் பெண்களின் கையிலேயே காணப்படுவது. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் மகளிர் பந்தடித்துப் பாடுவதாகக் கந்துக வரி அமைந்துள்ளது. பெருங்கதையின் வத்தவ காண்டத்தில் பந்தடி கண்டது என ஒரு பகுதியே உண்டு. குற்றாலக் குறவஞ்சியின் வசந்தவல்லி பந்தாடியபடியே அறிமுகமாகின்றாள். இவை அரண்மனை சார்ந்த, ஆடவர் நோக்குக்கு உட்பட்ட சித்திரிப்புகள் என்பது உண்மையே. எனினும் பந்து பெண்ணுக்கு ஒவ்வாதது என்ற எண்ணம் தமிழ் மரபில் வேரூன்றியதன்று. பிள்ளைத்தமிழ் ஆண்பாலுக்குச் சிற்றில் சிதைத்தலும் சிறுதேரும், பெண்பாலுக்கு அம்மானையும் ஊசலும் என வகுத்த பிரிவினையோடு, நவீன பள்ளியின் ஆண்மைக் கருத்துநிலையும் சேர்ந்தபோது பந்து ஆடவரின் காலுக்கு உரியதாயிற்று. இங்கிலாந்துச் சங்கமே 1921 டிசெம்பரில், உதைபந்தாட்டம் பெண்களுக்குப் பொருந்தாதெனக் கூறி, தன் உறுப்புக் கழகங்களின் மைதானங்களைப் பெண்களுக்கு மூடியது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அத்தடை நிலைத்தது. உலகப் போர்க்காலத்தில் தொழிற்சாலைப் பெண்களின் ஆட்டத்தைக் காணப் பல்லாயிரவர் திரண்டதன் பின்னரே இத்தடை பிறந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

5. சிற்றணி விதிகள்: ஓர் உள்நோக்கு

இனி, எழுத்தில் வந்த சிற்றணி விதிகளை நோக்குவோம். இவற்றின் முன்னோடிகளுள் ஒன்று தென்னமெரிக்காவில் தோன்றியது. 1930 இல், முதலாவது உலகக் கிண்ணப் போட்டி நடைபெற்ற அதே உருகுவேயின் மொன்ரிவிடியோ நகரில், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில் பணியாற்றிய ஜுவான் கார்லோஸ் செரியானி, கூடைப்பந்துத் தரையின் அளவில் பக்கத்துக்கு ஐவர் ஆடும் முறையை இளையோருக்காக அமைத்தார். பின்னர் புட்சால் எனப் பெயர்பெற்று, 1989 இல் உலக மட்டப் போட்டியாக வளர்ந்தது இதுவே. கூடைப்பந்தும் கரப்பந்தும் பிறந்த அதே வாலிபர் சங்கத்தில், பெரும் புற்றரையற்ற நகரச் சிறுவரின் நிலையிலிருந்தே இதுவும் பிறந்தது. இடுக்கமே இங்கும் தாயாயிற்று.

சிறுவருக்கெனவே வகுக்கப்பட்ட விதிகள் இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பெருமளவில் வந்தன. இங்கிலாந்தில் 1990களில் தொடங்கிய சீர்திருத்தம் 2012 இல் விரிவுபெற்று, ஏழு எட்டு வயதினருக்கு ஐவர், ஒன்பது பத்து வயதினருக்கு எழுவர், அதன்மேல் இரு ஆண்டுகளுக்கு ஒன்பதின்மர் என ஒழுங்கு செய்யப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் 2017 முதல் எட்டு வயது வரையானோர் நால்வர் நால்வராக, கோல் காப்பாளரின்றி ஆடுகின்றனர். உலக விதிக் குழுவும் இளையோர் ஆட்டத்தில் தரை, பந்து, கோல், நேரம், மாற்றாட்டம் ஆகியவற்றைத் தேசிய சங்கங்கள் மாற்றிக்கொள்ள இடமளிக்கின்றது. இவற்றுள் முக்கியமான சிலவற்றின் உட்பொருளை ஆராய்வோம்.

அ) எண்ணும் தரையும். ஒரு பந்தை இருபத்திருவர் பங்கிடுவதற்கும் எண்மர் பங்கிடுவதற்கும் உள்ள வேறுபாடு எளிய கணக்கு. பெரிய தரையில் வலிய இருவர் மூவரே பந்தை உடைமையாக்கிக்கொள்வர். ஏனையோர் வெளியில் நிற்பவரினும் சற்றே மேலான பார்வையாளர். சிறிய தரையில் ஒளிந்து நிற்க இடமில்லை. பந்து எல்லோரையும் தேடி வருகின்றது. சிறு கோலும் காப்பாளரின்மையும், விருப்பமற்ற பிள்ளை ஒன்றை வாயிலில் நிறுத்தித் தோல்வியின் பழியை அதன்மேற் சுமத்தும் வழக்கத்தை அகற்றுகின்றன.

ஆ) எல்லோரும் ஆடுதல். வெளியேறியவர் மீண்டும் வரலாம். ஒவ்வொருவருக்கும் ஏறக்குறைய ஒத்த நேரம் உண்டு. ஒப்புக்குச் சப்பாணியாய் நின்ற பிள்ளையை இவ்விதி கணக்கில் எடுக்கின்றது. பழைய வழக்கின் மனிதநேயத்தைக் காத்து, அதன் ஏற்றத்தாழ்வை விலக்குதலால் இது உண்மையான முன்னேற்றமாகும்.

இ) புள்ளிப்பட்டியல் இன்மை. கோல்கள் எண்ணப்படுகின்றன, பிள்ளைகள் அவற்றை எப்படியும் எண்ணுவர். ஆயின் அணிகளைத் தரப்படுத்தும் பட்டியல் வெளியிடப்படுவதில்லை. ஜேர்மனியில் 2024 முதல் இளைய வயதினருக்குச் சிறு கோல்களோடு கூடிய புதிய முறை கட்டாயமாக்கப்பட்டபோது, இது போட்டியுணர்வை மழுங்கச் செய்யும் எனப் பெருங்கழகங்களின் தலைமையிலிருந்தே கண்டனம் எழுந்தது. பிள்ளையின் ஆட்டத்தை வருங்காலச் சந்தைக்கான மூலப்பொருளாகக் காணும் நோக்கு அக்கண்டனத்தில் ஒளிந்துள்ளது.

ஈ) தலையால் பந்தை முட்டுதலைத் தவிர்த்தல். இவ்விதி மேலிருந்து கருணையாய் வந்ததன்று. இங்கிலாந்தின் முன்னாள் வீரர் ஜெஃப் அஸ்ல் 2002 இல் இறந்தபோது, மீண்டும் மீண்டும் பந்தைத் தலையால் முட்டியதால் விளைந்த மூளைப் பாதிப்பை மரண விசாரணையாளர் தொழில்சார் நோய் எனத் தீர்த்தார். சுரங்கத்திலும் ஆலையிலும் உடல் தேய்ந்தோருக்குரிய சொல் மைதானத்துக்கும் உரியதாயிற்று. ஐக்கிய அமெரிக்காவில் பெற்றோர் 2014 இல் தொடுத்த வழக்கின் விளைவாகவே, 2015 இல் பத்து வயதும் அதற்குட்பட்டதுமான பிள்ளைகளுக்கு இத்தடை அறிவிக்கப்பட்டது. தொழிற்சட்டங்களைப் போன்று விளையாட்டு விதியும் போராடிப் பெறப்படுவது என்பதற்கு இது தக்க சான்று.

உ) தீர்ப்பு வழங்கும் உரிமை. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் ஜேர்மனியின் ஆஹன் பகுதியில் தோன்றி நாடெங்கும் பரவிய முறையொன்றில் மூன்றே விதிகள் சேர்க்கப்பட்டன: பிள்ளைகள் மத்தியஸ்தரின்றித் தாமே தீர்த்துக்கொள்வர், இரு பயிற்றுநரும் ஒருங்கே நின்று இன்றியமையாதவற்றை மட்டும் கூறுவர், பெற்றோர் தரைக்கு எட்ட நிற்பர். எட்ட நின்று கத்தும் பெற்றோரின் வசையே இதற்கு உடனடிக் காரணமாயிற்று என்பர். எமது ஒழுங்கையில் எழுதாமல் இருந்ததை, வளர்ச்சியடைந்த முதலாளித்துவ நாடொன்று எழுதித் தன் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டியதாயிற்று. பெரியோர் கைப்பற்றிய வெளியிலிருந்து பெரியோரை அகற்ற விதி தேவைப்படும் விந்தை இது.

6. இன்றைய நிலையும் பணியும்

தெல்லிப்பழையில் இவ்விதிகள் எதிர்கொள்ளும் சூழல் தனித்தன்மை வாய்ந்தது. 1990 இன் நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டதைத் தொடர்ந்து வலிகாமம் வடக்கின் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே பெயர்ந்தது. உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்ட காணிகள் போர் முடிந்த 2009 இன் பின்னரும் ஆண்டுக்கணக்கில், கட்டங்கட்டமாகவே விடுவிக்கப்பட்டன. மல்லாகம், சுன்னாகம் பகுதிகளின் நலன்புரி நிலையங்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. ஒழுங்கை என்பது தூரத்தை மட்டும் குறிப்பதன்று; இன்னார் இன்னாரோடு கூடி ஆடிய நினைவின் தொடரையும் அது குறிக்கும். மூத்த பிள்ளையிடமிருந்து இளைய பிள்ளைக்கு வாய்மொழியாகக் கையளிக்கப்பட்ட விதி மரபு, கையளிப்போர் சிதறியபோது அறுந்தது. விடுவிக்கப்பட்ட நிலம் திரும்பலாம். எழுதா விதி நிலத்தோடு திரும்புவதில்லை. அதனால் எழுதப்பட்ட எளிய விதிகளுக்கு ஏனைய இடங்களினும் இங்கே தேவை மிகுதி.

இச்சூழலிலும் நம்பிக்கை தரும் மாற்றம் ஒன்று நிகழ்ந்துள்ளது. மகாஜனக் கல்லூரி மாணவியர் 2010களில் அகில இலங்கைப் பாடசாலை மட்ட உதைபந்தாட்டத்தில் முன்வரிசைக்கு வந்து கிண்ணங்களையும் வென்றனர். கந்துக வரியின் பந்து, போரால் சிதைந்த ஊரொன்றின் உழைக்கும் குடும்பப் பெண்பிள்ளைகளின் காலுக்கு வந்தமை சிறிய செய்தியன்று. எனினும் கிண்ணத்தை வென்ற அணியின் பின்னால், ஆடவே வாய்ப்பற்ற சிறுமியர் எத்தனை பேர் என்ற வினா எஞ்சியே நிற்கும். கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் எனப் படிப்படியாகச் சிலரைத் தெரிந்து பலரைக் கழிக்கும் அமைப்பு அவ்வினாவை எழுப்புவதில்லை.

இரு தடைகளை ஈண்டு குறிப்பிடல் வேண்டும். ஒன்று, ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை. பத்து வயதுப் பிள்ளைகளின் அணிகளைத் தரப்படுத்தும் பட்டியலை உலகின் பல நாட்டு மைதானங்கள் அகற்றிவரும் வேளையில், நாம் அதே வயதுப் பிள்ளைகளை வெட்டுப்புள்ளியால் தரப்படுத்துகின்றோம். வறிய பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிகளின் வாயிலைத் திறக்கும் கருவியாகப் போற்றப்படும் இப்பரீட்சை, ரியூசன் சந்தையின் தீனியாகிவிட்டது. ஆடுதற்குரிய மாலைப் பொழுதை விழுங்குவதும் அதுவே. நேரமில்லாத பிள்ளைக்கு எத்துணை நல்ல விதியும் பயன்படாது. ஆங்கிலத் தொழிலாளி சனிக்கிழமைப் பிற்பகலைப் பெற்ற பின்னரே ஆடினான் என்பதை மீண்டும் நினைவூட்டுகின்றோம்.

மற்றொன்று, வணிகமயமாதல். மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்படும் செயற்கைப் புற்றரை, கட்டணப் பயிற்சி, விலையுயர்ந்த காலணி என்பன சிற்றணி ஆட்டத்தையும் ஒரு பண்டமாக்குகின்றன. இரண்டு பரப்பு நிலத்தில் வெறுங்காலோடு ஆடத்தக்க ஆட்டம், பணமுள்ள பிள்ளையின் வார இறுதிப் பொழுதாகச் சுருங்கும் ஆபத்து உண்டு. வடிவம் ஒன்றாயினும் அதன் சமூக உள்ளடக்கம் முற்றிலும் மாறிவிடும்.

ஆகவே வேண்டப்படுவன சிலவே. ஆரம்பப் பாடசாலைகளும் வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் தத்தம் வளவில் இரண்டு பரப்புத் தரையையேனும் பிள்ளைகளுக்கென ஒதுக்குதல் வேண்டும். பல குறிச்சிப் பிள்ளைகளும் ஒருங்கே வந்து சேரக்கூடிய இடத்தில் அத்தரை அமைதல் வேண்டும். ஒரு குறிச்சிக்கு ஒரு தரை என வகுப்பது பழைய வேலியைப் புதிய பெயரில் அடைப்பதாகும். ஆண்பிள்ளையும் பெண்பிள்ளையும் கலந்து ஆட, உத்தி பிரித்தலால் பக்கம் அமைய, எல்லோரும் ஒத்த நேரம் பெற, தலையடி தவிர்க்கப்பட, பிணக்கைப் பிள்ளைகளே தீர்க்க விதிகள் அமைதல் வேண்டும். ஒரு தாளின் ஒரு பக்கத்தில் இவ்வனைத்தும் அடங்கும். அத்தாளின் இறுதியில் மேலும் ஒரு விதி எழுதப்படல் வேண்டும்: ஆடுவோர் கூடி உடன்பட்டால் மேற்கூறிய எதனையும் மாற்றலாம், எவரையும் விலக்குவதைத் தவிர.

1845 இல் றக்பிப் பள்ளியின் மாணவருக்கு இருந்த உரிமை, தம் விதியைத் தாமே எழுதும் உரிமை, தெல்லிப்பழையின் தோட்டக்காரர் பிள்ளைக்கும் கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கும் கிடைத்தல் வேண்டும். பெரியோரின் உலகில் சட்டங்கள் அவர்களைக் கேளாமலே ஆக்கப்படும். அவற்றை வினவவும் மாற்றவும் துணியும் மனிதர் உருவாகவேண்டுமாயின், விதி மாற்றத்தக்கது என்னும் அறிவை அவர்கள் எங்கேனும் ஓரிடத்தில் பெற்றிருத்தல் வேண்டும். அதற்கு இரண்டு பரப்பு நிலமும் ஒரு பந்தும் ஒரு மாலைப் பொழுதும் நாம் கொடுக்க இயலாதவை அல்ல.